பணம் கட்டு, இல்லையேல் சிறை

திவால் வழக்குகளைப் பற்றிப் பேச்சு எழும் இடத்திலெல்லாம் ஒரு வாதம் தவறாமல் தலைகாட்டுகிறது. எரிக்சன் நிறுவனத்துக்கு ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் (ஆர்காம்) தர வேண்டிய பணத்தைத் தீர்ப்பாயங்களால் வாங்கித் தர முடியவில்லை. உச்ச நீதிமன்றம் அவமதிப்பு அதிகாரத்தைக் கையில் எடுத்ததும் 26 நாளில் பணம் வந்து சேர்ந்தது. ஆகவே தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒவ்வொரு அமர்வும் அதே அதிகாரத்தைத் தயங்காமல் வீச வேண்டும். இப்படிச் சொல்பவர்கள் திவால் சட்டத்துக்குப் பல் முளைத்துவிட்டதாக மகிழ்கிறார்கள். நான் நெடுங்காலமாக இதற்கு நேர்மாறாகவே எண்ணி வந்திருக்கிறேன். பணம் வந்தது உண்மை. ஆனால் அது வந்த வழியில், ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் முன் நீதிமன்றம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று கேட்கப்படவே இல்லை. கேட்காமல் விட்டதைச் சாதனை என்று கொண்டாடுவதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். நீதிமன்றத்தில் கொடுத்த உறுதிமொழி காற்றில் போகக் கூடாது. திவாலான நிறுவனத்தின் பழைய முதலாளிகள் கணக்குப் புத்தகத்தைத் தராமலும், சர்வரின் பாஸ்வேர்டைச் சொல்லாமலும், கிடங்கின் பூட்டைத் திறக்காமலும், திவால் நடவடிக்கையை நடத்தும் தீர்வு நிபுணரை மாதக்கணக்கில் அலைய விடுகிறார்கள் என்பதும் உண்மையே. ஆர்காம் வழக்கிலும் அந்தத் தரப்பு நடந்துகொண்ட விதம் பாராட்டத்தக்கதாக இல்லை. நீதிமன்றம் சொன்ன கெடு இரண்டு முறை தவறியது. கேட்டது நிபந்தனையற்ற உறுதிமொழி. கொடுத்தது சொத்து விற்றால் தருகிறோம் என்ற உறுதிமொழி. இதில் நீதிபதிகளுக்கு எழுந்த கோபத்தை நான் குறை சொல்லவில்லை.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். 2018 மே மாதம் தீர்ப்பாயத்தின் மும்பை அமர்வு திவால் மனுவை ஏற்றது. அதே மாத இறுதியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதற்குத் தடை கொடுத்தது. 1,500 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டிருந்த எரிக்சன் 550 கோடிக்கு இறங்கி வந்ததும், அதை 120 நாளில் தருவதாக ஆர்காம் சொன்னதும்தான் அந்தத் தடைக்கு அடிப்படை. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டைப் பதிவு செய்தது. செப்டம்பர் இறுதிக் கெடு தவறியது. டிசம்பர் 15 வரை கடைசி வாய்ப்புக் கொடுத்தார்கள்; அதுவும் தவறியது. 2019 பிப்ரவரி 20 அன்று நீதிபதிகள் ரோஹின்டன் நரிமன், வினீத் சரண் அமர்வு ஆர்காம் தலைவர் அனில் அம்பானியையும் குழுமத்தின் வேறு இரு நிறுவனத் தலைவர்களையும் அவமதிப்புக் குற்றவாளிகள் என்றது. மன்னிப்புக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. நீதிமன்றப் பதிவகத்தில் ஏற்கெனவே கட்டியிருந்த 118 கோடி போக இன்னும் 453 கோடியை நான்கு வாரத்தில் கட்ட வேண்டும், தவறினால் தலைவர்கள் மூவருக்கும் மூன்று மாதச் சிறை என்பது உத்தரவு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கோடி ரூபாய் அபராதம். அதைக் கட்டத் தவறினால் மேலும் ஒரு மாதம்.

இந்த உத்தரவு எந்த வகையைச் சேர்ந்தது? அவமதிப்புக்காக ஒருவரைச் சிறையில் அடைப்பதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். செய்து முடித்த தவறுக்குத் தண்டனை ஒன்று. செய்ய மறுக்கும் காரியத்தைச் செய்ய வைக்கும் நெருக்குதல் மற்றொன்று. இரண்டுக்கும் சட்டம் வேறு வேறு காவல்களை வைத்திருக்கிறது. தண்டனை என்றால் எந்த உத்தரவின் எந்த வரி மீறப்பட்டது என்று குற்றச்சாட்டு வனைய வேண்டும். ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். தண்டனையின் அளவு பற்றித் தனியே கேட்க வேண்டும். தவறுக்கு ஏற்ற காலத்தை நிர்ணயித்து அதோடு நிறுத்த வேண்டும். நெருக்குதல் என்றால், சொன்னதைச் செய்யும் சக்தி அந்த மனிதருக்கு இன்றைய தேதியில் இருக்கிறது என்பது நிலைநாட்டப்பட வேண்டும். சக்தி இல்லாதவரை எவ்வளவு நெருக்கினாலும் எதுவும் வராது. ‘கட்டு, இல்லையேல் மூன்று மாதம்’ என்ற உத்தரவு இரண்டின் உடையையும் போட்டுக்கொள்கிறது, இரண்டின் காவல்களையும் கழற்றிவிடுகிறது. கட்டினால் தண்டனை போய்விடும் என்பதால் அது உண்மையான தண்டனை ஆகாது. கட்ட முடியுமா என்று யாரும் தீர்மானிக்கவில்லை என்பதால் அது முறையான நெருக்குதலும் ஆகாது.

தீர்ப்பின் எடை முழுவதும் உறுதிமொழிகள் எப்படி, என்ன எண்ணத்தோடு கொடுக்கப்பட்டன என்பதன் மேல்தான் விழுந்தது. அந்த நான்கு வாரத்தில் இந்த மூவரிடம் 453 கோடி இருக்கிறதா, அல்லது அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதைத் தனிக் கேள்வியாக எடுத்து, சாட்சியம் பதிவு செய்து, குறுக்கு விசாரணைக்கு இடம் கொடுத்து விடை சொன்ன பகுதி அதில் இல்லை. சாதாரண வழக்கில் இந்தக் குறை அவ்வளவாக வெளியே தெரியாது. திவால் வழக்கிலோ, கடனாளியால் கட்ட முடியவில்லை என்பதுதான் வழக்கே தொடங்குவதற்குக் காரணம். அந்த இடத்தில் ‘இவரால் கட்ட முடியும்’ என்று அனுமானித்துக்கொண்டு சிறைக் கதவைத் திறப்பது, வழக்கின் அடிப்படையையே ஆராயாமல் மறுப்பதாகும்.

அந்தச் சில வாரங்களில் நிறுவனத்தின் பணம் எங்கே இருந்தது என்று பாருங்கள். பிப்ரவரி தொடக்கத்தில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொத்துகளை விற்கவோ கைமாற்றவோ கூடாது என்று தடுத்திருந்தது. வருமான வரித் துறை திருப்பிக் கொடுத்த சுமார் 260 கோடி ரூபாய் வங்கிகளின் பிடியில் இருந்தது. அதை எரிக்சனுக்குக் கொடுக்க அனுமதியுங்கள் என்று ஆர்காம் கேட்டது, வங்கிகள் எதிர்த்தன, மார்ச் நடுவில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அப்படி உத்தரவிட மறுத்துவிட்டது. அதாவது, நிறுவனத்தின் பணத்தைத் தொடாதே என்று ஒரு மன்றம் சொல்கிறது. நிறுவனத்தின் கடனைக் கட்டாவிட்டால் சிறை என்று அதற்கு மேலுள்ள மன்றம் சொல்கிறது. இரண்டு உத்தரவுகளுக்கும் இடையில் தவித்தவர் பெரும் பணக்காரர் என்பதால் நமக்கு இரக்கம் வரவில்லை. ஆனால் நடைமுறை எப்போதும் முகம் பார்த்து மாறிக்கொள்வதில்லை.

பணம் கட்டப்பட்டது மார்ச் 18-இல், கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது. அண்ணன் முகேஷ் அம்பானிக்கும் அண்ணி நீதாவுக்கும் நன்றி சொல்லி அனில் அம்பானி அறிக்கை வெளியிட்டார். அவமதிப்புச் சிறையை நியாயப்படுத்த அமெரிக்க நீதிமன்றங்கள் நூறாண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவரும் ஓர் உருவகம் உண்டு: சிறைச் சாவி கைதியின் சட்டைப்பையிலேயே இருக்கிறது, உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தால் கதவைத் தானே திறந்துகொண்டு வரலாம். இங்கே சாவி கைதியாகவிருந்தவரின் சட்டைப்பையில் இல்லை, அவருடைய அண்ணன் சட்டைப்பையில் இருந்தது. அண்ணன் அந்த வழக்கில் கட்சிக்காரரே இல்லை. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்து நொடித்துப்போன ஒரு பங்குதாரருக்கு அப்படி ஓர் அண்ணன் இருக்கப் போவதில்லை. அவர் வங்கியிடமும் நூல் கொடுத்தவரிடமும் ஒரு நெருக்கடியான நேரத்தில் ‘மூன்று மாதத்தில் தந்துவிடுகிறேன்’ என்று தீர்ப்பாயத்தில் எழுதிக் கொடுத்திருப்பார். ஆர்டர் வராமல் போயிருக்கும். எரிக்சன் வழக்கைக் காட்டி அவரைச் சிறைக்கு அனுப்பச் சொல்லும்போது, இவரிடம் இருக்கிறதா என்று கேட்கும் கட்டாயம் அமர்வுக்கு எங்கே இருக்கிறது?

நம்முடைய சட்டத்துக்கு இந்தக் கேள்வி புதிதா என்றால், இல்லவே இல்லை. பணத் தீர்ப்பை நிறைவேற்றக் கடனாளியைச் சிவில் சிறையில் வைக்கும் ஏற்பாடு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இன்றும் இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் நிறைவேற்று மனு போட்டுப் பழகிய எந்த வழக்கறிஞரும் அதன் படிகளைத் தூக்கத்தில்கூடச் சொல்வார். முதலில் காரணம் கேட்டு அறிவிப்பு. பிறகு விசாரணை. தீர்ப்பு வந்த நாளுக்குப் பிறகாவது கடனாளியிடம் பணம் இருந்ததா, இருந்தும் தர மறுத்தாரா, சொத்தை ஒளித்தாரா என்று 51-ஆம் பிரிவின் நிபந்தனைப்படி நீதிபதி மனநிறைவு கொண்டு, காரணங்களை எழுத்தில் வைக்க வேண்டும். சிறையில் இருக்கும் காலத்துக்கான சாப்பாட்டுப் படியைக் கடன் கொடுத்தவர் கட்ட வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட கடனானாலும் மூன்று மாதமே உச்ச வரம்பு. பணத் தீர்ப்புக்காகப் பெண்ணைக் கைது செய்யவே கூடாது என்கிறது 56-ஆம் பிரிவு.

1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இந்தப் பிரிவுகளுக்கு உயிர் கொடுத்தார். கொச்சி வங்கிக்குக் கடன்பட்டவர்கள் அந்த வழக்கின் மேல்முறையீட்டாளர்கள். ஒருகாலத்தில் சொத்து வைத்திருந்தார்கள் என்பதைக் கொண்டு கைது உத்தரவு பிறப்பித்திருந்தார்கள். கட்டவில்லை என்பது மட்டும் போதாது, கெட்ட எண்ணம் வேண்டும், இன்றைக்கு வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பி அனுப்பியது. ஒப்பந்தக் கடனைத் தீர்க்க முடியாததற்காக மட்டும் எவரையும் சிறையில் அடைக்கக் கூடாது என்னும் சர்வதேச உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவையும், அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவையும் சேர்த்து வைத்துப் படித்தது அந்தத் தீர்ப்பு. வறுமை குற்றமாகாது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன இந்தியத் தீர்ப்பு வேறொன்றை நான் அறியேன்.

இனி எரிக்சன் உத்தரவை இதனோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று மாதம், சிவில் சிறைக்கான அதே உச்ச வரம்பு. விசாரணை மட்டும் இல்லை. தண்டிக்கப்படவிருந்த மூவரில் ஒருவர் பெண். நேரடியாக நிறைவேற்று மனு போட்டிருந்தால் அவரைத் தொடவே முடிந்திருக்காது. கைமாற்றாக வாங்கிய ஐம்பதாயிரத்தைக் கட்டாதவருக்குக் கிடைக்கும் காவல்கள், பெயரை ‘அவமதிப்பு’ என்று மாற்றி எழுதியவுடன் மறைந்துவிடுகின்றன. பணத் தீர்ப்பை வசூலிக்க அவமதிப்பு வழக்கைக் கருவியாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே பலமுறை சொல்லியிருக்கிறது. 1979-இல் புஷ்பாபென் வழக்கில், கடனைத் திருப்பித் தருவதாக நீதிமன்றத்தில் கொடுத்த உறுதிமொழியை மீறியவர்களுக்கு உயர் நீதிமன்றம் சிறை விதித்தபோது, அவமதிப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி, உரிமையியல் அவமதிப்புக்கு அபராதமே விதி, சிறை விலக்கு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அதை அபராதமாக மாற்றியது. கடன், உறுதிமொழி, மீறல், மூன்றும் அப்படியே பொருந்தும் முன்னுதாரணம் இது. எரிக்சன் வெற்றியைப் பேசுபவர்கள் இதைப் பேசக் கேட்டதில்லை.

உறுதிமொழி கொடுத்ததால் கடன் வேறு தரத்துக்கு உயர்ந்துவிட்டது என்பது அவர்கள் பதில். நீதிமன்றத்துக்கே வாக்குக் கொடுத்தாயிற்று, இனி அது எரிக்சனுக்கும் ஆர்காமுக்கும் இடையிலான விஷயம் அன்று என்கிறார்கள். வாக்குக் கொடுக்கும்போதே பொய் சொன்னார் என்றால், அந்தப் பொய்க்காகத் தண்டியுங்கள். கால அளவு குறித்து, தவறைப் பெயரிட்டுத் தண்டியுங்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பொய்க்குத் தண்டனை என்றால் பணம் கட்டியவுடன் பொய் மெய்யாகிவிடுமா? மார்ச் 18-க்குப் பிறகு யாரும் சிறைக்குப் போகவில்லை. நீதியின் மாட்சிமைக்கு ஏற்பட்ட காயம் 453 கோடியில் ஆறிவிட்டது என்றால், காப்பாற்றப்பட்டது மாட்சிமையா, கடனா?

இந்தக் குறை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. மற்றவர்கள் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்து பாடம் படித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பிராம்பிள்வேல் என்னும் கம்பெனி கலைக்கப்பட்டபோது அதன் நிர்வாக இயக்குநரிடம் கணக்குப் புத்தகங்களைக் கேட்டார்கள். கார் விபத்தில் பெட்ரோல் கொட்டி நனைந்துவிட்டன, தூக்கி எறிந்துவிட்டேன் என்றார். நீதிபதி நம்பவில்லை. முன்பு புத்தகங்கள் இவரிடம் இருந்தன, இப்போதும் இருக்கத்தான் வேண்டும் என்ற முடிவில் சிறைக்கு அனுப்பினார். மாதங்கள் கழித்து, 1969-இல், மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவமதிப்பு குற்றவியல் தன்மை கொண்டது, ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும் என்றார் டென்னிங் பிரபு. ஒருவர் சொன்ன கதை பொய் என்பதாலேயே புத்தகங்கள் இன்னும் அவரிடம் இருக்கின்றன என்று ஆகிவிடாது. அந்த இயக்குநர் நல்லவரா என்பது அல்ல அங்கே கேள்வி. நேற்று இருந்தது இன்றும் இருக்கும் என்ற அனுமானத்தை ஆதாரமாக ஏற்றுக்கொண்டு ஒரு மனிதரின் சுதந்திரத்தைப் பறிக்கலாமா என்பதே கேள்வி.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதற்கும் முன்பே, 1948-இல், மேஜியோ எதிர் சைட்ஸ் வழக்கில் இதைத் தீர்த்துவைத்தது. லூமா கேமரா சர்வீஸ் என்ற நிறுவனம் திவாலானது. அதன் தலைவர் சரக்கை எடுத்து வைத்துக்கொண்டார், திருப்பிக் கொடுக்கட்டும் என்று திவால் நீதிமன்றம் உத்தரவிட்டது. கொடுக்கவில்லை என்றதும் கொடுக்கும்வரை சிறை. மேல்முறையீட்டு நீதிபதிகளுக்கே தெரியும், இத்தனை காலத்துக்குப் பிறகு அந்தச் சரக்கு அவரிடம் இருக்க வாய்ப்பில்லை என்று. ஆனால் முன்னுதாரணம் கையைக் கட்டிப்போட்டிருப்பதாகச் சொல்லி, இருப்பதாகப் பாவித்துக்கொண்டு சிறையை உறுதி செய்தார்கள். உச்ச நீதிமன்றம் அந்தப் பாவனையை உடைத்தது. சரக்கைத் திருப்பிக் கொடு என்ற உத்தரவு ஒரு கட்டம், கொடுக்காததற்குச் சிறை என்பது வேறொரு கட்டம் என்று பிரித்தது. இரண்டாவது கட்டத்தில் இன்றைய நிலையைப் புதிதாகப் பார்க்க வேண்டும், முடியாததைச் செய்யச் சொல்லி யாரையும் அடைத்து வைக்க முடியாது என்றது. இவ்வளவு தெளிவுக்குப் பிறகும் ஃப்ளோரிடாவில் ஒரு திவால் கடனாளி, மொரீஷியஸ் அறக்கட்டளை ஒன்றில் போட்ட பணத்தைத் திருப்பிக் கொண்டுவரவில்லை என்பதற்காக 1999-இலிருந்து 2006 வரை சிறையில் இருந்தார். இனியும் வைத்திருந்தால் பணம் வரும் என்ற நம்பிக்கை போய்விட்டது என்று கடைசியில் நீதிபதியே விட்டுவிட்டார். விசாரணை நடத்தும் நாட்டிலேயே ஏழு ஆண்டுகள் ஆகின்றன என்றால், விசாரணையே இல்லாத முறையை நாடெங்கும் பரப்பச் சொல்வது எப்படிப்பட்ட அவசரம்!

கடன்பட்டவரின் வாயையே அவருக்கு எதிரான சாட்சியாக்குவது இந்த நடைமுறையின் இன்னொரு கொடுமை. திவால் வழக்கில் அவர் எல்லாவற்றையும் சத்தியம் செய்து சொல்லியாக வேண்டும்: சொத்து, கடன், வங்கிக் கணக்கு, யாருக்கு எப்போது என்ன கொடுத்தார். அதைச் சொல்லாவிட்டால் குற்றம். பிறகு அவமதிப்பு மனு வரும்போது அதே பிரமாணப் பத்திரத்தை அவர் முன் வைக்கிறார்கள். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 20(3) காவல் இங்கே உதவாது. அவமதிப்பு என்பது அந்தப் பிரிவு சொல்லும் ‘குற்றம்’ ஆகாது என்று 1991-இல் தில்லி நீதித் துறைப் பணியாளர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மெய்ப்பிப்பின் அளவுக்கு இது குற்றவியல் போன்றது; மௌனமாக இருக்கும் உரிமைக்கு இது குற்றவியல் அன்று. எப்படிப் பார்த்தாலும் இழப்பு கடனாளிக்கே. இங்கிலாந்தில் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அவமதிப்பு விதிகள், மௌனமாக இருக்க உரிமை உண்டு, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள உரிமை உண்டு, சட்ட உதவி கேட்கலாம் என்பதையெல்லாம் மனுவிலேயே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. எந்த உத்தரவு, எந்தத் தேதி, எப்படி நேரில் சார்வு செய்யப்பட்டது, எந்தச் செயல் மீறல் என்று ஒவ்வொன்றும் அதில் இருக்க வேண்டும். ஒரு வரி விடுபட்டால் மனு தள்ளாடும். அங்கே இதை யாரும் கடனாளிக்குச் சலுகை என்று நினைப்பதில்லை.

மேல்முறையீடும் இல்லை. உயர் நீதிமன்றம் அவமதிப்புக்காகத் தண்டித்தால் அவமதிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு ஓர் உரிமை. உச்ச நீதிமன்றமே முதல் முறையாகக் கேட்டுத் தண்டித்தால் அதற்கு மேல் போக இடம் கிடையாது. சீராய்வு மனு, அதையும் பெரும்பாலும் அதே நீதிபதிகள் தங்கள் அறையில் வைத்துப் பார்ப்பார்கள். அபராதத்தைப் பாருங்கள்: சட்டத்தின் 12-ஆம் பிரிவு 2,000 ரூபாய்க்கு மேல் கூடாது என்கிறது. அரசியலமைப்பின் 129-ஆம் பிரிவு தந்த அதிகாரத்தை அந்த வரம்பு கட்டாது என்ற வாதம் உண்டு, அறிவேன். ஆனால் தனிப்பட்ட சிறைக்கு இட்டுச்செல்லும் தொகை 2,000-மா ஒரு கோடியா என்பது விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கும் இடத்தில், முறையீட்டுக்கும் வழி இல்லை என்றால், அதை நீதிமுறை என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

கடன் கொடுத்த மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆர்காமுக்கு வங்கிக் கடன் மட்டும் நாற்பதாயிரம் கோடியைத் தாண்டியது. திவால் சட்டத்தின் உயிர்நாடி, வரிசையை யாரும் உடைக்கக் கூடாது என்பது. எரிக்சன் பிணை எதுவும் இல்லாமல் வணிகக் கடன் கொடுத்தவர். வரிசையில் வெகு பின்னால் நிற்க வேண்டியவர். அவமதிப்பு மனு அவரைக் கூட்டத்தின் தலைக்கு மேல் தூக்கி முன்னால் நிறுத்தியது. பணம் கைமாறிய அடுத்த மாதமே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், திவால் நடவடிக்கை தொடருமானால் இந்த 550 கோடியை எரிக்சன் ஏன் திருப்பித் தரக் கூடாது, ஒருவர் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்கள் ஏன் இழக்க வேண்டும் என்ற கேள்வியை எழுப்பியது. சரியான கேள்வி. ஆனால் சிறைக் கதவைக் காட்டுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

இப்படிப்பட்ட கருவியைத்தான் இப்போது தீர்ப்பாய அமர்வுகளுக்கு வழங்கச் சொல்கிறார்கள். கம்பெனிச் சட்டத்தின் 425-ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்துக்குள்ள அவமதிப்பு அதிகாரத்தை அப்படியே தீர்ப்பாயத்துக்குக் கொடுக்கிறது. திவால் சட்டத்தின் கீழ் அது அமரும்போதும் அந்த அதிகாரம் கூட வருமா என்பதில் அமர்வுகள் வேறு வேறு விடைகளைத் தந்துள்ளன. வரட்டும் என்றே வைத்துக்கொள்வோம். அமர்வில் இருவர், ஒருவர் நீதித் துறை உறுப்பினர், மற்றவர் தொழில்நுட்ப உறுப்பினர். மாதக்கணக்கில் தீர்வு நிபுணரின் குறைகளைக் கேட்டுக் கேட்டு, கெடு முடிகிறதே என்ற கவலையில் இருப்பவர்கள். அவர்களே உத்தரவு போட்டவர்கள், அவர்களே மீறலால் புண்பட்டவர்கள், அவர்களே தீர்ப்பளிப்பவர்கள். நீதிமன்றத்துக்குள்ளேயே நடக்கும் அவமதிப்பில்கூட, வேறு நீதிபதி கேட்கட்டும் என்று கோரும் வழி அவமதிப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் இருக்கிறது. இங்கே அதுவும் கிடையாது.

நம்மூரில் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்று கேலியாகச் சொல்வோமே, அந்த 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது. அதில் 31-ஆம் பிரிவு நொடித்தவருக்குக் கைதிலிருந்து பாதுகாப்பு ஆணை பெற வழி செய்கிறது. சொத்தை ஒளித்தார், கணக்கைத் திருத்தினார் என்றால் நொடிப்பு நீதிமன்றம் தானே தண்டிக்காது. முதல்நிலை விசாரணை செய்து குற்றவியல் நடுவருக்குப் புகார் அனுப்பும். கடனைக் கட்டாதவரும் கடன் கொடுத்தவர்களை ஏமாற்றியவரும் வெவ்வேறு ஆட்கள் என்ற விவேகம் அதில் இருந்தது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நாம் பின்னால் நடக்க வேண்டிய அவசியம் என்ன?

பிரித்துச் செய்ய முடியும் என்பதற்கு உச்ச நீதிமன்றமே ஓர் எடுத்துக்காட்டைத் தந்திருக்கிறது. டியாஜியோவிடமிருந்து வந்த 4 கோடி டாலரை, உயர் நீதிமன்றத் தடையை மீறித் தன் பிள்ளைகளுக்கு மாற்றிய விஜய் மல்லையா 2017-இல் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டார். 2022 ஜூலை 11-இல் தண்டனை வந்தது. நான்கு மாதச் சிறை, 2,000 ரூபாய் அபராதம். அது செய்த தவறுக்கு, பணம் வந்தாலும் வராவிட்டாலும். பணத்துக்கு வேறு வழி: பரிமாற்றம் செல்லாது, எட்டு சதவீத வட்டியோடு வசூல் அதிகாரியிடம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் அவர் சட்டப்படி வசூலிக்கலாம். ஐந்து ஆண்டு தாமதம், ஆள் இல்லாமல் தண்டனை என்று அந்த வழக்கிலும் குறை உண்டு. ஆனால் சிறையும் வசூலும் ஒரே வாக்கியத்தில் முடிச்சுப் போடப்படவில்லை. எரிக்சன் உத்தரவைக் காட்டுபவர்கள் இதை ஏன் காட்டுவதில்லை?

அப்படியானால் ஒளித்து வைத்தவர் தப்பிவிடுவாரே என்ற பதில் வரும். வர வேண்டியதில்லை. தீர்வு நிபுணருக்கு ஒத்துழைக்க மறுத்தால் திவால் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் உத்தரவு வாங்கலாம். புத்தகங்களையும் சொத்தையும் வேண்டுமென்றே கொடுக்காமல் வைத்துக்கொண்டால் 70-ஆம் பிரிவின்படி மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். திவால் வாரியமோ மத்திய அரசோ புகார் கொடுக்க வேண்டும், அமர்வு நீதிபதி தரத்திலுள்ள சிறப்பு நீதிமன்றம் விசாரிக்க வேண்டும் என்கிறது 236-ஆம் பிரிவு. குற்றச்சாட்டு உண்டு, சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, மேல்முறையீடு உண்டு. அவமதிப்புக்கான உச்சமோ ஆறே மாதம். கடன் கொடுத்தவர்களுக்காக உண்மையாகவே கவலைப்படுபவர்கள் கேட்க வேண்டியது அந்தச் சிறப்பு நீதிமன்றங்களுக்குப் போதிய நீதிபதிகளையும், வாரியத்துக்கு வழக்குத் தொடுக்கும் ஆட்களையும்தான்.